பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் ஆவது எப்படி: மாறிவரும் தகுதி விதிகளுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் உரிமை கல்லூரி வழங்கும் பட்டத்தால் வருவதில்லை. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் என்ற சட்டபூர்வ அமைப்பு பராமரிக்கும் பதிவேட்டில் பெயர் ஏறுவதால்தான் வருகிறது. ஐந்தாண்டு படித்துத் தேறிப் பட்டமளிப்பு விழாவில் சான்றிதழை வாங்கிய ஒருவர்கூட, அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை சட்டத்தின் பார்வையில் ஆர்க்கிடெக்ட் அல்லர். மாணவர்களில் பலர் இதை இறுதியாண்டில்தான் தெரிந்துகொள்கிறார்கள். பதிவு கிடைக்குமா, கிடைக்காதா என்பதோ பெரும்பாலும் முதலாண்டுச் சேர்க்கை நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடங்களைப் படித்தீர்கள், எந்த நுழைவுத் தேர்வை எழுதினீர்கள், எந்தக் கல்லூரியில் எந்தக் கல்வியாண்டில் சேர்ந்தீர்கள், அந்த ஆண்டில் அக்கல்லூரிக்கு அனுமதி இருந்ததா என்ற கேள்விகளுக்கான பதில்களைப் பின்னால் திருத்த வழியில்லை. தகுதி விதிகள் கடந்த ஐம்பதாண்டுகளில் பலமுறை மாறியுள்ளன, இனியும் மாறும். ஆகவே இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவரும் அவருடைய பெற்றோரும், ஏற்கெனவே வேறொரு பட்டமோ பட்டயமோ வைத்துக்கொண்டு இதற்குள் வர முயல்பவரும், எந்த விதி யாருக்குப் பொருந்தும், எதை எப்போது சரிபார்க்க வேண்டும் என்பதை வரிசையாக அறிந்துகொள்வதற்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

சட்டம் வகுத்த அடிப்படை

எல்லாவற்றுக்கும் வேர் 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்கள் சட்டம். அது அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்நாட்டில் யார் வேண்டுமானாலும் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அறிவித்துக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. 1917இல் மும்பையில் ஒரு மாணவர் சங்கமாகத் தொடங்கி 1929இல் இந்தியக் கட்டடக்கலைஞர் கழகம் என்று பெயர் மாறிய அமைப்பு தொழில்முறை ஒழுங்கை வளர்த்து வந்தது உண்மையே. ஆனால் அதன் உறுப்பினர் தகுதி ஒரு மரியாதையாகவும் நம்பகத்தின் அடையாளமாகவும் இருந்ததேயன்றிச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு இல்லை.

1972இன் சட்டம் பதிவேட்டுக்குள் வர இரண்டு முதன்மையான வழிகளைத் திறந்தது. சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற தகுதியைப் பெற்றிருப்பது ஒரு வழி. அத்தகுதி இல்லாவிட்டாலும், பதிவேடு தயாரிக்கக் குறிக்கப்பட்ட நாளுக்கு முன்பே ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் ஆர்க்கிடெக்ட்டாகத் தொழில் செய்துவந்த இந்தியக் குடிமக்களாக இருப்பது மற்றொன்று. அனுபவத்தின் பேரில் வரும் இந்த இரண்டாவது வழி அக்காலத்தில் ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களின் பிழைப்பைக் காப்பதற்காக வைக்கப்பட்ட ஒன்று. அன்றோடு அதன் பயன் முடிந்துவிட்டது. எனினும் இருபது ஆண்டு அனுபவம் உள்ள டிராப்ட்ஸ்மேனுக்குப் பதிவு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அனுபவத்தை மட்டும் காட்டிப் பதிவு பெறும் வழி இன்று இல்லை. இதை இத்துறையில் உழைக்கும் ஒவ்வொரு டிராப்ட்ஸ்மேனுக்கும் யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சேமிப்பை இழப்பவர்கள் அவர்கள்தான்.

அட்டவணையில் இந்தியப் பல்கலைக்கழகங்களும் ஐ.ஐ.டி.களும் வழங்கும் பி.ஆர்க். என்ற கட்டடக்கலை இளநிலைப் பட்டம், பழைய தேசியப் பட்டயம், மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியின் ஐந்தாண்டு முழுநேரப் பட்டயம், ஐதராபாத், பரோடா, அகமதாபாத் நிறுவனங்களின் பட்டயங்கள், இந்தியக் கட்டடக்கலைஞர் கழகத்தின் உறுப்பினர் தகுதி ஆகியவை இடம்பெற்றன. இந்தப் பட்டியலை வாசித்தால் ஒரு வரலாறே தெரியும். கலைப்பள்ளிகளும் தொழிற்கூடங்களும் தத்தம் வழியில் ஆர்க்கிடெக்ட்களை உருவாக்கிய காலம் ஒன்று இருந்தது. பணிபுரிந்துகொண்டே கழகத்தின் தேர்வுகளை எழுதி உயர்ந்தவர்களும் அக்காலத்தில் உண்டு. இன்று புதிதாகச் சேர்பவர் நம்பி நடக்க வேண்டிய பாதை ஒன்றே ஒன்றுதான்: கவுன்சிலின் அனுமதி பெற்ற கல்லூரியில் முழுநேர ஐந்தாண்டு பி.ஆர்க். பகுதிநேரம், அஞ்சல்வழி, விரைவுப் படிப்பு என்று எந்தப் பெயரில் யார் வந்தாலும், அது பதிவுக்கு ஏற்கப்படும் என்று கவுன்சிலிடமிருந்து எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

விதிகள் மாறிய வழி

கல்வித் தரத்தை வகுக்கும் அதிகாரம் கவுன்சிலுக்குச் சட்டத்திலேயே உண்டு. அதன்படி 1983இல் குறைந்தபட்சக் கல்வித் தர ஒழுங்குமுறைகள் வந்தன. ஐந்தாண்டுப் படிப்பை மூன்றாண்டு, இரண்டாண்டு என்று இரு கட்டங்களாக வகுத்ததும், கணிதத்தோடு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கேட்டதும், கட்டடக்கலை நாட்டம் மாணவருக்கு உள்ளதா என்று சோதிக்க வேண்டும் என்றதும் அந்த ஒழுங்குமுறைகளே. ஆனால் அந்தச் சோதனையைப் பல காலம் ஒவ்வொரு கல்லூரியும் பல்கலைக்கழகமும் தம் விருப்பப்படி நடத்தின. நாட்டா என்ற சுருக்கப்பெயர் கொண்ட, நாடு முழுவதற்கும் பொதுவான கட்டடக்கலை நாட்டத் தேர்வு 2006இல்தான் தொடங்கியது.

அடுத்த பெரிய மாற்றம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. 1987இன் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமச் சட்டம், தொழில்நுட்பக் கல்வி என்பதன் பொருளுக்குள் கட்டடக்கலையையும் சேர்த்திருந்தது. அதனால் ஒரே கல்லூரி குழுமத்துக்கும் கவுன்சிலுக்கும் பதில் சொல்ல வேண்டிய குழப்பம் முப்பதாண்டுக்கும் மேலாக நீடித்தது. குழுமம் அனுமதித்த இடங்களின் எண்ணிக்கையும் கவுன்சில் அனுமதித்த எண்ணிக்கையும் வேறுபட்டால், இடையில் சிக்கிக்கொள்பவர் மாணவர். கோலாப்பூர்க் கல்லூரி ஒன்றின் வழக்கில் 2019 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், கட்டடக்கலைப் பட்டப்படிப்பைப் பொறுத்தவரை கவுன்சிலின் அதிகாரமே மேலோங்கும் என்று தீர்ப்பளித்தது. இதன் நடைமுறைப் பொருள் எளிது. பி.ஆர்க். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது கவுன்சிலின் பட்டியலைத்தான். கல்லூரியின் பெயர்ப்பலகையில் வேறு எந்தக் குழுமத்தின் முத்திரையோ தரச்சான்றோ இருந்தாலும் அவை இதற்கு ஈடாகா.

பின்னர் 1983இன் ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் 2020 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் படித்திருக்க வேண்டும், அல்லது கணிதத்தைக் கட்டாயப் பாடமாகக் கொண்ட மூன்றாண்டுப் பட்டயம் பெற்றிருக்க வேண்டும் என்று அவை கூறின. மதிப்பெண் வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. இந்த வரம்பும் நிலைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கணிதமும் இயற்பியலும் கட்டாயமாக நீடிக்க, மூன்றாவது பாடமாக வேதியியலுக்குப் பதில் உயிரியல், கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், பொறியியல் வரைபடம், வணிகக் கல்வி, தொழிற்கல்விப் பாடம் ஆகியவற்றுள் ஒன்றைப் படித்தவர்களும் தகுதியுடையவர்கள் என்று தளர்த்தப்பட்டது. மதிப்பெண் வரம்பும் 45 விழுக்காட்டுக்கு இறங்கியது. கணினி அறிவியல் பிரிவிலும் தொழிற்கல்விப் பிரிவிலும் படித்த மாணவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. வரைகலையில் இயல்பான திறமை இருந்தும் வேதியியல் இல்லை என்ற ஒரே காரணத்தால் வெளியே நிற்க நேர்ந்தவர்கள் முன்பு இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தளர்வு பின்னோக்கிப் பாய்வதில்லை. நீங்கள் சேர்ந்த கல்வியாண்டில் எந்த விதி நடப்பில் இருந்ததோ அதுவே உங்களுக்குப் பொருந்தும். அண்ணன் சேர்ந்தபோது இருந்த தகுதியை வைத்துத் தம்பியின் சேர்க்கையை முடிவுசெய்வதும், இந்த ஆண்டின் தளர்வை நம்பி மூன்றாண்டுக்கு முன் விதிக்கு மாறாகப் பெற்ற சேர்க்கை இப்போது சரியாகிவிடும் என்று இருந்துவிடுவதும் ஆபத்தானவை. உங்கள் ஆண்டுக்குரிய நாட்டா தகவல் கையேட்டைப் பதிவிறக்கி, அதில் தகுதி பற்றிய பக்கத்தை அச்செடுத்துச் சேர்க்கைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கழித்துப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது ஐயம் எழுந்தால், உங்கள் பக்கம் பேசும் முதல் ஆவணம் அந்தத் தாள்தான்.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எந்த வழி

பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு மூன்று நுழைவாயில்கள் உள்ளன. நாட்டா தேர்வு 200 மதிப்பெண்களுக்கு நடத்தப்படுகிறது. அண்மை ஆண்டுகளின் அமைப்பில் தாளில் வரையும் பகுதிக்கு 80 மதிப்பெண்ணும், கணினிவழிப் பகுதிக்கு 120 மதிப்பெண்ணும் உண்டு. திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிதிபெறும் நிறுவனங்களுக்கும் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளுக்கும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் 2ஏ தாள் வேண்டும். கரக்பூர், ரூர்க்கி, வாரணாசி ஐ.ஐ.டி.களில் சேர விரும்பினால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்ற பிறகு கட்டடக்கலை நாட்டத் தேர்வையும் எழுதித் தேற வேண்டும். அதற்குத் தனித் தரவரிசை கிடையாது, தேர்ச்சி மட்டுமே. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கலந்தாய்வு நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200க்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை 200க்கும் கணக்கிட்டு, மொத்தம் 400க்குத் தரவரிசை தயாரிக்கப்படுகிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தால் இதுவும் அதிலேயே அடங்கிவிடும் என்று எண்ணி விண்ணப்ப நாளைத் தவறவிடாதீர்கள். கட்டடக்கலைக்கு அறிவிப்பும் தரவரிசையும் தனி.

பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்தவருக்கு வழி இருக்கிறது, ஆனால் அது குறுக்குவழி அல்ல. கணிதம் உள்ள மூன்றாண்டுப் பட்டயம் இருந்தால் நாட்டா எழுதிச் சேரலாம், சேர்வது முதலாண்டில்தான். பொறியியல் படிப்பில் பட்டயதாரர் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்வதுபோல் பி.ஆர்க். படிப்பில் சேர முடியாது. கட்டடக்கலை உதவியாளர் பட்டயத்தை முடித்து, திட்டப்படமும் வெட்டுத்தோற்றமும் வரைந்து கைதேர்ந்த ஒருவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். அவருடைய வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். பட்டயத்தில் பெற்ற திறனை அளந்து ஓராண்டையாவது கழித்துத் தரும் ஏற்பாடு வந்தால், வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து பல திறமைசாலிகள் இந்தத் தொழிலுக்கு வருவார்கள். ஆனால் வர வேண்டிய விதியை இன்றே வந்துவிட்ட விதியாக எண்ணி எந்த முடிவும் எடுக்கக்கூடாது. இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கல்லூரி சொன்னால், அந்தக் கல்லூரி உங்களைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தப் பார்க்கிறது என்று பொருள்.

சிவில் பொறியாளருக்கும் உள்ளலங்காரப் பட்டதாரிக்கும் இதே பதில்தான். பி.இ. சிவில் முடித்துவிட்டு எம்.ஆர்க். படிப்பதன் மூலம் பதிவு பெற முடியாது. பதிவுக்கு அடிப்படை பி.ஆர்க்.; முதுநிலைப் பட்டம் அதன்மேல் சேரும் கூடுதல் தகுதி. திட்டமிடல் பட்டம், உள்ளலங்காரத்தில் பி.டெஸ்., கட்டடக்கலை என்ற சொல்லைப் பெயரில் கொண்ட பி.எஸ்சி. போன்றவை தத்தம் துறையில் மதிப்புள்ள படிப்புகள்; ஆனால் அவை பதிவேட்டுக்கு இட்டுச்செல்லாது. முப்பது வயதில் மீண்டும் முதலாண்டில் உட்காரத் துணிபவர்களும் இருக்கிறார்கள். நாட்டா தேர்வுக்கு வயது வரம்பு இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படித் துணிய முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதும் இல்லை. 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு இவர்களுக்கு மிகவும் தொடர்புடையது. நொய்டா வளர்ச்சி ஆணையத்தின் பணியிடம் ஒன்றைப் பற்றிய அந்த வழக்கில், 1972இன் சட்டம் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைத்தான் பாதுகாக்கிறது, கட்டடம் வடிவமைக்கும் பணியைப் பதிவு பெறாதவர்கள் செய்வதை அது தடைசெய்யவில்லை என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே மூச்சில், பதிவு பெறாத ஒருவரை அமர்த்தும் பதவிக்கு ஆர்க்கிடெக்ட் என்ற சொல் அடங்கிய பெயரைச் சூட்டக்கூடாது என்றும் கூறியது. ஆகவே வடிவமைப்பாளர், கட்டட வரைவாளர், பொறியாளர் என்ற பெயர்களில் நேர்மையாகத் தொழில் நடத்தலாம். பெயர்ப்பலகையிலும் முகவரி அட்டையிலும் ஆர்க்கிடெக்ட் என்று போட்டால் அது சட்டமீறல். 1972இல் எழுதப்பட்ட தண்டனை முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. தொகை சிறிதாகத் தெரியலாம். ஆனால் வாடிக்கையாளரோடு வழக்கு என்று வரும்போது, இல்லாத தகுதியைச் சொல்லி ஒப்பந்தம் செய்தவர் என்ற நிலை எந்தத் தொழிலையும் முடித்துவிடும்.

சேருமுன் செய்ய வேண்டிய சரிபார்ப்பு

இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வேலை, கவுன்சிலின் இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயரையும், அதற்கு நடப்புக் கல்வியாண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்பதையும், எத்தனை இடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்பதையும் பார்ப்பது. அனுமதி ஒருமுறை கிடைத்தால் நிலைத்துவிடுவதன்று. ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட வேண்டும். ஆசிரியர் எண்ணிக்கையோ வசதிகளோ குறைவாக இருந்தால் இடங்களின் எண்ணிக்கை குறைக்கப்படலாம், ஓராண்டுக்குப் புதிய சேர்க்கையே நிறுத்தப்படலாம். சென்ற ஆண்டு பட்டியலில் இருந்தது என்பது இந்த ஆண்டுக்குச் சான்றாகாது. பார்த்த பக்கத்தைத் தேதியுடன் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது, நீங்கள் பெறும் இடம் அந்த எண்ணிக்கைக்குள் அடங்குகிறதா என்பது. நாற்பது இடம் அனுமதிக்கப்பட்ட கல்லூரி ஐம்பது பேரைச் சேர்த்தால், மிகுதியாகச் சேர்க்கப்பட்ட பத்துப் பேரும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்வார்கள், ஒரே தேர்வை எழுதுவார்கள், ஒரே பட்டத்தையும் வாங்கக்கூடும்; பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவர்களுடைய பெயர் கவுன்சிலிடம் உள்ள மாணவர் பட்டியலில் இருக்காது. கல்லூரிகள் ஆண்டுதோறும் சேர்ந்த மாணவர்களின் விவரங்களைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். முதலாண்டு முடிவதற்குள், உங்கள் பெயர் அனுப்பப்பட்டு ஏற்கப்பட்டுவிட்டதா என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். கேட்பதால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. பதில் சொல்லத் தயங்கும் அலுவலகத்தை முதலாண்டிலேயே அடையாளம் காண்பது, ஐந்தாம் ஆண்டில் காண்பதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாவது, நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களைப் பற்றியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவருக்கு நுழைவுத் தேர்வு தேவையில்லை என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் பரவுகிறது. அது தவறு. ஒதுக்கீடு எதுவாயினும் நாட்டா அல்லது ஜே.இ.இ. தகுதி இருந்தாக வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம், இப்போது சேர்ந்துவிடுங்கள் என்று யார் சொன்னாலும் அந்தச் சேர்க்கையை ஏற்காதீர்கள்.

படிக்கும் காலத்தில்

ஐந்தாண்டு, பத்துப் பருவம், அதற்குள் ஒரு பருவத்துக்குக் குறையாத செய்முறைப் பயிற்சி என்பது படிப்பின் அமைப்பு. பயிற்சியைப் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவரின் அலுவலகத்தில் செய்ய வேண்டும். அலுவலகம் பெரியதா, புகழ் பெற்றதா என்று பார்ப்பதற்கு முன், அதை நடத்துபவரின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கவுன்சிலின் தளத்தில் தேடிப் பாருங்கள். பெயரைக் கொண்டும் பதிவு எண்ணைக் கொண்டும் தேடலாம்; எண் சி.ஏ. என்ற எழுத்துகளோடும் பதிவான ஆண்டோடும் தொடங்கும். பயிற்சிச் சான்றிதழில் தொடக்க நாள், முடிவு நாள், செய்த பணிகளின் விவரம், ஆர்க்கிடெக்ட்டின் கையொப்பம், பதிவு எண் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். பயிற்சி முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம்முடைய பெயர்களில் முதலெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் தந்தையின் முழுப்பெயராக விரிந்தும், பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னாலும் வந்து நிற்கிறது. டெல்லியில் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தோன்றலாம். முதலாண்டிலேயே எல்லா ஆவணங்களையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் பல்கலைக்கழகப் பதிவை அப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை.

பதிவு விண்ணப்பம்

இறுதித் தேர்வு முடிவு வந்ததும் தற்காலிகச் சான்றிதழை வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்த நாளுக்குச் சான்றாகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள், பட்டம் அல்லது தற்காலிகச் சான்றிதழ், அடையாள ஆவணம், ஒளிப்படம், கையொப்பம் ஆகியவற்றைத் தெளிவாக ஒளிநகல் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். தோற்று மீண்டும் எழுதிய தாள்கள் இருந்தால், தேர்ச்சி பெற்ற பட்டியலோடு பழைய பட்டியலையும் ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது. கேள்வி வந்தால் அன்றே பதில் அனுப்பலாம். கட்டணத்தைக் கவுன்சிலின் தளத்திலேயே செலுத்துங்கள். இடையில் ஆள் தேவையில்லை.

இந்த இடத்தில் இந்திய முறையின் தனித்தன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பட்டத்துக்கும் பதிவுக்கும் இடையே கட்டாய அனுபவக் காலமோ தொழில்முறைத் தேர்வோ இல்லை. பட்டத்துக்குப் பிறகு சில ஆண்டு அனுபவமும் ஒரு தேர்வும் வேண்டும் என்ற கருத்து பல ஆண்டுகளாகத் துறைக்குள் விவாதிக்கப்பட்டு வருகிறது. அதில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். இருபத்துமூன்று வயதில், ஒரு கட்டுமானத் தளத்தையும் தொடக்கம் முதல் முடிவுவரை பார்த்திராத ஒருவர் மற்றவர்களின் வாழ்நாள் சேமிப்புக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் உரிமையைப் பெறுவது பெரிய விஷயம். விதி கேட்காவிட்டாலும், பதிவு பெற்றபின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு மூத்தவரின் அலுவலகத்தில் பணிபுரிந்து, ஒப்பந்தப்புள்ளி ஆவணம், அளவுப் பட்டியல், கொத்தனாரோடும் கம்பி கட்டுபவரோடும் நடக்கும் அன்றாடப் பேச்சு ஆகியவற்றைக் கற்றுக்கொண்ட பிறகு தனித்தொழில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

பதிவு கிடைத்த பின் அதை உயிரோடு வைத்திருப்பது உங்கள் கடமை. புதுப்பிப்புக் கட்டணத்தைச் செலுத்தத் தவறினால் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்; மீட்க வழி உண்டு, ஆனால் இடைப்பட்ட காலத்தில் பட்டப்பெயரைப் பயன்படுத்தும் உரிமை இல்லை. 1989இன் தொழில் ஒழுக்க விதிகளை முழுவதுமாக ஒருமுறை வாசித்துவிடுங்கள். கூட்டாகத் தொழில் தொடங்குபவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆர்க்கிடெக்ட்களின் நிறுவனம் என்று சட்டம் ஏற்பது, கூட்டாளிகள் அனைவரும் பதிவு பெற்றவர்களாக உள்ள கூட்டு நிறுவனத்தைத்தான். பொறியாளர் நண்பரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு நிறுவனத்தின் பெயரில் அந்தச் சொல்லைப் போட முடியாது.

நாடு மாறும்போது

வெளிநாட்டில் கட்டடக்கலை படித்துவிட்டு இந்தியாவில் பதிவு பெற நினைப்பவர், அந்தப் பட்டம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கவுன்சிலிடம் எழுதிக் கேட்க வேண்டும். வெளிநாட்டுத் தகுதிகளை ஏற்கும் அதிகாரம் கவுன்சிலைக் கலந்து மத்திய அரசிடம் உள்ளது. உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் என்பது மட்டும் போதாது.

இங்கே பி.ஆர்க். முடித்து வெளியே செல்பவர்களுக்கு நிலைமை வேறு. பிரிட்டனில் பகுதி ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை முறை பல தலைமுறைகளாக இருந்து வந்தது. மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை, குறைந்தது 24 மாதச் செய்முறை அனுபவம், பிறகு தொழில்முறைத் தேர்வு என்பது அதன் வழக்கமான வரிசை. அங்குள்ள பதிவு வாரியம் 2023இல் இந்த அமைப்பைச் சீர்திருத்த முடிவெடுத்தது. கட்டடக்கலையில் இளநிலைப் பட்டம் என்ற முதல் படியைக் கட்டாயமாகக் கேட்காமல், முதுநிலை அளவில் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்கிறார் என்பதை அளப்பதே அதன் நோக்கம். வேறு துறையில் இளநிலை முடித்தவர்களுக்கும் இதனால் கதவு திறக்கிறது. பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறும் காலமாகையால், நீங்கள் சேரும் முதுநிலைப் படிப்பு எந்த முறையின் கீழ் அங்கீகரிக்கப்பட்டது என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டு எழுத்தில் பெறுங்கள். இந்திய பி.ஆர்க். அங்கே தானாக ஏற்கப்படுவதில்லை. வாரியத்தின் மதிப்பீட்டைக் கடக்க வேண்டும். வேலை செய்துகொண்டே தகுதி பெறும் தொழில் பழகுநர் திட்டம் இங்கிலாந்தில் 2018இல் தொடங்கியது. ஆனால் அதன் முதுநிலைப் படிக்கான அரசு நிதி 2026 ஜனவரி முதல் பெரும்பாலும் 21 வயது வரையுள்ளவர்களுக்கு என்று சுருக்கப்பட்டது. வயது கூடியவர்கள் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

அமெரிக்காவில் உரிமம் ஒவ்வொரு மாநிலமும் வழங்குவது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்லது அதற்கு இணையானது என்ற மதிப்பீடு, 3,740 மணி நேரப் பதிவு செய்யப்பட்ட அனுபவம், ஆறு பிரிவுகள் கொண்ட தேர்வு ஆகிய மூன்றும் பொதுவான எதிர்பார்ப்பு. பட்டத்துக்குப் பதிலாகக் கூடுதல் அனுபவத்தை ஏற்கும் மாநிலங்களும் சில உண்டு. எந்த மாநிலத்தில் வாழப்போகிறீர்கள் என்று முடிவான பிறகு அந்த மாநில வாரியத்தின் விதியைப் படியுங்கள். எந்த நாட்டுக்குச் செல்வதானாலும் ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தின் முழு விவரத்தையும், மணிக்கணக்கோடு, பல்கலைக்கழக முத்திரையுடன் புறப்படுமுன் வாங்கிக்கொள்ளுங்கள். கடல் கடந்த பின் அதைப் பெறுவது மிகக் கடினம்.

உள்ளாட்சியில் இன்னொரு பதிவு

இங்கேயே தொழில் நடத்துபவருக்குக் கவுன்சிலின் பதிவு மட்டும் போதாத ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டில் 2019இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ், திட்ட அனுமதிக்கான வரைபடங்களில் கையெழுத்திடுபவர் உரிய அதிகார அமைப்பிடம் பதிவு செய்த தொழில் வல்லுநராக இருக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் என்று அதில் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. கவுன்சிலின் நடப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும், நீங்கள் பணிபுரியப்போகும் பகுதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்து அங்கே விண்ணப்பியுங்கள். முதல் வாடிக்கையாளர் வந்த பிறகு இதைத் தொடங்கினால் அவருடைய வீடு உங்கள் பதிவுக்காகக் காத்திருக்க நேரும். ஆகவே சான்றிதழ் வந்த மாதத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள். இரண்டு பதிவுகளும் காலாவதியாகும் நாள்களை ஒரே தாளில் எழுதி, அலுவலகக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.